கிரப் ரெஸ்க்யூவா, லைவ் யுஎஸ்பியா?

லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறை) போட்ட லினக்ஸ் பூட் ஆகாமல் கிரப் ரெஸ்க்யூ திரையில், அதாவது பூட்லோடரான கிரப்பின் அவசரக் கட்டளைத் திரையில், நின்றுவிட்டால், அங்கேயே சரிசெய்து பார்க்கலாம், இல்லை லைவ் யுஎஸ்பி (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) வழியாக உள்ளே போகலாம். பெரும்பாலான பழுதுகளுக்கு இரண்டாவதுதான் நல்லது.

பூட் கோப்புறையும் குறியாக்கத்துக்குள் இருந்து, கடவுச்சொல்லைத் தப்பாக அடித்ததால் மட்டும் அங்கே விழுந்திருந்தால் ரெஸ்க்யூ போதும். கிரிப்டோமவுண்ட் கட்டளையால் திறந்து, நார்மல் மாட்யூலை ஏற்றி, நார்மல் கட்டளையை இட்டால் மெனு வந்துவிடும். விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் லக்ஸின் புதிய வடிவமான லக்ஸ்2 என்றால் வேறு கதை. 2021இல் வந்த கிரப் 2.06 அதைத் திறக்கும், கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் முறை பிபிகேடிஎஃப்2 ஆக இருந்தால் மட்டும். லக்ஸை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப் வழக்கமாக வைப்பதோ ஆர்கான்2 என்ற வேறு முறை.

லைவ் யுஎஸ்பியில் இந்தத் தொல்லை இல்லை. கிரிப்ட்செட்டப்பால் வட்டைத் திறந்து, ரூட், பூட், இஎஃப்ஐ பகுதிகளை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு (வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து) கிரப்பை மறுபடி நிறுவலாம். டெபியன், உபுண்டுவில் பலர் தடுக்குவது ஓரிடத்தில்: வட்டைத் திறக்கும்போது கொடுக்கும் பெயர், குறியாக்க வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு கோப்பு அமைப்பில்) குறியாக்க அமைப்பு சேராமல் போகலாம். அப்புறம் கிரப் சரியாக வந்தும் கடவுச்சொல்லே கேட்காது.

இன்னொன்று, எதையும் தொடும் முன் லக்ஸ் ஹெடரை (வட்டின் சாவி விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதியை) வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். லைவ் யுஎஸ்பியில் அதற்கு ஒரே கட்டளை. ரெஸ்க்யூவில் வழியே இல்லை.