கிடேரி ஊசி: ஆறு வருடத்தில் எங்கள் கட்டுத்தரையில் கண்டது

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஆறு கறவை மாடுகள், எல்லாம் ஜெர்சி கலப்பு. கிடேரி, அதாவது பெண்கன்று, பிறப்பதற்காகப் பாலினம் பிரித்த உறைவிந்து ஊசியை 6 வருடமாகப் போட்டு வருகிறோம். அதைத்தான் வீட்டில் கிடேரி ஊசி என்கிறோம். இதுவரை பிறந்த 14 கன்றுகளில் 13 கிடேரி. நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி என்று சொல்லிக் கொடுத்தது எங்கள் கணக்கில் பொய்க்கவில்லை.

இதற்கு மாறியதற்குக் காரணம் காளைக்கன்றுதான். டிராக்டர் வந்த பிறகு ஜெர்சி காளைக்கு ஏரிலும் வேலை இல்லை, வண்டியிலும் வேலை இல்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. கன்றை ஏற்றிய வண்டி போன பிறகு தாய் இரண்டு நாள் கத்தும். அதைக் கேட்டுக்கொண்டு பால் கறக்க உட்கார என்னால் முடியவில்லை.

பெண்கன்று தரும் விந்தணுவில் மரபுப்பொருள் கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் காட்டி, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது நிறைய அணுக்கள் வீணாகும். உறைவிந்து அடைத்து வரும் மெல்லிய குழாயைக் குச்சி என்போம். சாதாரணக் குச்சியில் 2 கோடி இருந்தால் இதில் சுமார் 20 லட்சம்தான். பிரிப்பதில் பட்ட அலைச்சலால் அவை கருப்பையில் உயிரோடு இருக்கும் நேரமும் குறைவு. அதனால் சினை பிடிப்பது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் மனம் நொந்துபோகும். இரண்டு மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாட்டுக்கு இதைப் போடவே வேண்டாம். நன்றாக வளர்ந்த கிடேரிக்கும், கன்று போட்டுத் தேறி, ஒழுங்காகப் பருவத்துக்கு வருகிற மாட்டுக்கும் மட்டும் போடுங்கள்.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, குச்சியைவிட நேரம் பெரியது என்பதுதான். எங்கள் செவலை என்ற மாடு இளம் கிடேரியாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு டார்ச்சோடு போனேன். அவள் கத்தவில்லை. தீவனத்தில் பாதியை விட்டுவிட்டு, பக்கத்து மாட்டின் முதுகில் தாடையை வைத்து நின்றாள். வாலைத் தூக்கினால் கண்ணாடி நூல் மாதிரி வழும்பு அறுபடாமல் தரை வரை தொங்கியது. காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி என்பது வழக்கம். கிடேரி ஊசிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொன்னதால் இரவு 9 மணிக்குப் போட்டோம். அந்த ஒரு ஊசியிலேயே சினை நின்றது. அதற்கு முன்பு பகலில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது எத்தனை பருவம் கைநழுவிப் போனதோ!

இடையில் ஒரு வருடம் கஷ்டப்பட்டோம். ஊசி போட வந்த ஒருவர் அடுப்பிலிருந்த தண்ணீரைச் சொம்பில் வாங்கி, விரல் விட்டுப் பார்த்து, அதில் குச்சியைப் போட்டுவிட்டுப் போன் பேசிக்கொண்டே நிற்பார். மூன்று மாடுகள், 21 நாளில் மூன்றும் சினை நிற்காமல் திரும்பப் பருவத்துக்கு வந்தன. குச்சி இருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். அதை 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, உடனே துடைத்துப் போட்டுவிட வேண்டும். இப்போது தெர்மாமீட்டரும் பிளாஸ்கில் வெந்நீரும் நானே எடுத்து வைக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

குச்சியின் மேல் இருக்கும் காளை எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள். கிடேரியாகவே பிறந்து வீட்டிலேயே நிற்கும்போது, மகளுக்கு அப்பன் காளையின் குச்சியே வந்துவிட வாய்ப்பு அதிகம். எங்கள் நோட்டு இரண்டு தடவை அப்படி நடக்காமல் தடுத்தது.

பருவத்தை நாம் குறித்த நாளில் வரவைக்கும் ஹார்மோன் ஊசியையும் ஒரு மாட்டுக்குப் பார்த்தோம். சினை ஊசி போட வேண்டிய நாள் கச்சிதமாகத் தெரிந்தது, ஆனால் சினை நிற்கவில்லை. இரண்டு மாதம் தாது உப்புக் கலவையும் பசுந்தீவனமும் கொடுத்த பிறகு தானாகவே பருவத்துக்கு வந்தது. மெலிந்த மாட்டுக்கு முதலில் தீவனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விலை முன்பு பெரிய தடையாக இருந்தது. பிரிக்கும் முறை வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில் இருந்தது. 2024 அக்டோபரில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் 'கௌசார்ட்' என்ற உள்நாட்டு முறை வந்தது நல்ல செய்தி. முதல் ஊசிக்குக் காசு போய்விடுமோ என்ற பயம் இனி குறையும்.

செவலையின் பேத்திக்கு இந்த மாதம் முதல் ஊசி போட்டிருக்கிறோம். வருகிற வியாழக்கிழமை 21ஆம் நாள். அன்று விடியற்காலை டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டும்.