பிடிஓவா, மறுவிற்பனை வீடா?

பொறுமை இருந்தால் பிடிஓ (பதிவுசெய்தபின் கட்டித்தரும் புதிய வீடு), அவசரம் என்றால் மறுவிற்பனை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு தேடுவோரிடம் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கு அவ்வளவு எளிதில்லை.

பிடிஓவில் 99 ஆண்டுக் குத்தகை முழுசாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சாவி கைக்கு வரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நல்ல இடங்களில் அமையும் பிளஸ், பிரைம் வகை என்றால் அதன்பின் 10 ஆண்டுகளுக்கு விற்கவும் முடியாது.

மறுவிற்பனையில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையை ரொக்கமாகவே கட்டவேண்டும். மசேநி (மத்திய சேமநிதி) பணம் அதற்கு உதவாது. வாங்குவோரில் ஆக இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்காவிட்டால், மசேநியில் எடுக்கக்கூடிய தொகையும் குறையும். நம்மவர்கள் மறக்கக்கூடாதது இன ஒதுக்கீடு, அதாவது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தவருக்கும் எத்தனை வீடு என்ற வரம்பு. இந்தியர், பிற இனத்தவருக்கான பங்கு அந்த புளோக்கில் நிரம்பியிருந்தால், விற்பவரும் அதே பிரிவினராக இருந்தால்தான் வாங்கலாம். நாளை நாம் விற்கும்போதும் இதே சிக்கல்தான். மனத்தைப் பறிகொடுக்கும் முன் வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இருந்தும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா பக்கத்தில் வேண்டுமென்றால் என் ஓட்டு மறுவிற்பனைக்கே. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம். சேர்ந்தே வசித்தால் 30,000.