சமூக மையமா, எமர்ஜென்சியா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கவே இல்லை. காப்பீடு இல்லாத கறுப்பினத்தவர் நோய் வந்தால் எங்கே போவது?

செலவு: சமூக சுகாதார மையத்தில் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம். மருத்துவமனை எமர்ஜென்சியில் 1986-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி முதலில் பார்த்தே ஆகவேண்டும், ஆனால் பெரிய பில் பின்னாலேயே வரும்.

தொடர் கவனிப்பு: மையம்தான். இரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாம் விடாமல் பார்ப்பார்கள். 1967-இல் மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ ஊரில் திறந்த மையம் பசியில் வாடியவர்களுக்கு உணவையே மருந்தாக எழுதிக் கொடுத்தது, இன்றும் இயங்குகிறது. எமர்ஜென்சியில் அன்றைய ஆபத்தைத் தணிப்பதோடு சரி.

நிதி வெட்டு: அரசு மானியத்தை நம்பியிருக்கும் மையம்தான் முதலில் அடிபடும், அதுதான் மனதை அறுக்கிறது.

நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி என்றால் யோசிக்காமல் எமர்ஜென்சி. மற்றதற்கெல்லாம், அது திறந்திருக்கும் வரை, மையம்.