பறிப்பதா, ஒட்டுவதா? மூலக்கூறை அயனியாக்கும் வழிகள்

மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறைமானியில் ஒரு மூலக்கூறை எடை போட, முதலில் அதற்கு மின்னூட்டம் ஏற்ற வேண்டும். நடுநிலை மூலக்கூறு மின்புலத்தின் சொல்பேச்சைக் கேட்காது. ஏற்ற முக்கியமாக இரண்டு பாதைகள் உண்டு: ஒரு எலக்ட்ரானைப் பறிக்கலாம், இல்லை ஒரு புரோட்டானை ஒட்டலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் கடைசியில் கிடைக்கும் தகவலே அடங்கியிருக்கிறது.

காஃபீனை எடுத்துக்கொள்வோம். நிறை 194 (ஒரு புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 என்ற அளவில்). எலக்ட்ரான் மோதல் முறையில், சூடான உலோக இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு காஃபீன் ஆவிக்குள் பாய்கின்றன. ஒரு எலக்ட்ரானைக் கழற்ற அதற்குச் சுமார் 8 போதும். மோதலில் மூலக்கூறுக்குள் தங்கிவிடும் உபரி ஆற்றல் பிணைப்புகளை உடைக்கிறது. திரையில் 194 மட்டுமல்ல, 109, 82, 67, 55 என்று துண்டுகளும் வரிசை கட்டுகின்றன. இது சேதமல்ல, அடையாளம். உலகெங்கும் அதே 70 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் துண்டுகளின் கோலமும் ஏறக்குறைய அப்படியே வரும். சேமித்து வைத்த நிறமாலைத் தொகுப்போடு ஒப்பிட்டால் பெயரே கிடைத்துவிடும். புரோட்டானை ஏற்கத் தயங்கும் ஹைட்ரோகார்பன்களும் இதற்குத் தப்பாது. ஆனால் சில ஆல்கஹால்களில் எல்லாமே உடைந்து, முழு மூலக்கூறின் கோடு காணாமல் போகும். அப்போது மீத்தேன் வாயுவை இடையில் வைத்து மெதுவாகப் புரோட்டான் கொடுக்கும் வேதி அயனியாக்கம் கைகொடுக்கும்.

அதே காஃபீன் எலக்ட்ரோஸ்பிரேயில் 195 ஆக வரும். ஊசி முனையில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் கரைசல் கூம்பாக நீண்டு, மின்னேறிய துளிகளாகச் சிதறும். கரைப்பான் ஆவியாக ஆவியாக மின்னூட்டங்கள் நெருங்கி, ஒன்றையொன்று தள்ளித் துளியைப் பிளக்கும். கடைசியில் புரோட்டான் ஒட்டிய மூலக்கூறு உடையாமல் மிஞ்சும். கரைசலில் சோடியம் இருந்தால், புரோட்டானுக்குப் பதில் 23 நிறையுள்ள சோடியம் அயனி ஒட்டி 217-லும் ஒரு கோடு எழும். உப்பு அதிகமானால் சமிக்ஞையே அமுங்கிவிடும். இந்த முறையின் பெரிய தலைவலி அதுதான்.

புரதம் என்றால் போட்டியே இல்லை. சூடேற்றினால் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும் என்பதால் எலக்ட்ரான் மோதலுக்கு அங்கே வேலையில்லை. நிறைமானி உண்மையில் காட்டுவது நிறையை மின்னூட்ட எண்ணால் வகுத்த அளவை. அதனால் எலக்ட்ரோஸ்பிரேயிலோ சுமார் 16,951 நிறையுள்ள மயோகுளோபின் என்ற தசைப் புரதம் 20 புரோட்டான்களைச் சுமந்து 848.6-லும், 19-ஐச் சுமந்து 893.2-லும் நிற்கும். அடுத்தடுத்த இரு கோடுகள் இருந்தால் முழு நிறையைக் கணக்குப் போட்டுவிடலாம். இதைச் சாதித்த ஜான் ஃபென்னுக்கு 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. லேசர் வழியில் புரதத்தை அயனியாக்கிய கொய்ச்சி தனாக்காவும் அதில் பங்கு பெற்றார். இன்று பரவலாகப் புழங்கும் லேசர் முறையான மால்டியோ ஹில்லன்கேம்ப், காராஸ் இருவரின் உழைப்பு.

மால்டியில் மாதிரியை ஒளி உறிஞ்சும் படிகங்களோடு கலந்து லேசரால் அடிப்பார்கள். பெரும்பாலும் ஒற்றை மின்னூட்டம்தான் ஏறும், அதனால் கலவையைப் படிப்பது எளிது. உப்பையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காஃபீன் மாதிரி சிறியவற்றுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், படிகப் பொருளின் சொந்தக் கோடுகளே அந்தப் பகுதியை நிரப்பிவிடும். சிதையாமல் ஆவியாகும் சிறிய மூலக்கூறு என்றால், முதலில் எலக்ட்ரான் மோதலையே ஓட்டிப் பாருங்கள்.