எங்கள் கரைப் பக்கத்து சிஸ்டர்கள் பள்ளி: காது மெஷின் போட்ட பிள்ளையைச் சேர்க்கலாமா?

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. வகுப்பறைக்குள் நடப்பதற்கு நாலரை கொடுப்பேன், கட்டடத்துக்கு ஒன்றரை. மீதியெல்லாம் அந்த வருஷம் எந்த சிஸ்டர் தலைமையாசிரியையாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பள்ளியின் பெயரைப் போடவில்லை, மகள் இன்னும் அங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறாள், நாளைக்கும் அதே கேட்டுக்குள் நான் போய் நிற்க வேண்டும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த இராமநாதபுரம் மாவட்டக் கரையில் சிஸ்டர்களும் பாதர்களும் நடத்துகிற பள்ளிகள் பல இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி.

மகளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, இரண்டு பக்கமும் மெஷின். மெஷினை மாட்டிவிட்டால் பிள்ளைக்கு எல்லாம் கேட்டுவிடும் என்று ஊரே நினைக்கிறது, படித்த டீச்சர்களில்கூட பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெஷின் சத்தத்தைப் பெருக்கும், அவ்வளவுதான். டீச்சர் குரலோடு சேர்த்து ஃபேன் சத்தம், பெஞ்சை இழுக்கிற சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் எல்லாமே பெரிதாகும். பேசுகிறவர் இரண்டு மீட்டருக்குள் நின்று, முகம் தெரியப் பேசினால்தான் பேச்சு பேச்சாகப் போய்ச் சேரும். இது இந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு டீச்சருக்குத் தெரிந்திருந்தது, தெரியாததை என்னிடம் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டார். அந்த நாலரை மார்க்கில் பெரும்பங்கு அவருக்குத்தான்.

பழைய மிஷன் காலத்துக் கட்டடம், உயரமான கூரை, சும்மா இருமினாலே எதிரொலிக்கும். அவர் மகளை இரண்டாவது பெஞ்சில் ஓரமாக, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். ஏன் டீச்சர் முதல் பெஞ்ச் இல்லை என்று கேட்டேன். "முதல் பெஞ்சுல இருந்தா பின்னாடி யார் பேசுறான்னு அவளுக்குத் தெரியாதும்மா, இங்கன்னா லேசா திரும்பினாலே பாத்துக்குவா. வெளிச்சமும் என் முகத்துல விழும்" என்றார். போர்டில் எழுதும்போது பேச மாட்டார், எழுதி முடித்துத் திரும்பி நின்று அப்புறம்தான் பேசுவார். பின்பக்கம் ஒரு பையன் பதில் சொன்னால் அதைத் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்வார். சொல்வதை எழுதும் தேர்வில் வகுப்பைச் சுற்றி நடந்துகொண்டே சொல்கிற பழக்கத்தை விட்டுவிட்டார். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டச் சொன்னது மட்டும்தான் செலவு, அதுவும் இராமநாதபுரத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பதுதான்.

இன்னொன்று. பிள்ளை வளர வளரக் காதும் வளரும், மெஷினோடு காதுக்குள் வைக்கிற அச்சு லூசாகும், லூசானால் மெஷின் கீச்சென்று விசிலடிக்கும். முன்னாடி இருந்த பள்ளியில் விசிலடித்தால் வகுப்பே சிரிக்கும், இவள் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதி நாள் முழுக்க ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள். இங்கே டீச்சர் முதல் வாரமே மெஷினை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டி, விசில் வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டார். இப்போது பக்கத்தில் இருக்கிறவளே "ஏய், உன்னது கத்துது" என்று சாதாரணமாகச் சொல்கிறாள், இவள் அமுக்கிச் சரிசெய்துகொள்கிறாள், பாடம் நிற்பதில்லை.

கடல் காற்றும் வேர்வையும் மெஷினுக்கு ஆகாது, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், ஈரம் இறங்கினால் சத்தம் விட்டு விட்டு வரும். ஸ்டாஃப் ரூமில் ஒரு மூடி போட்ட டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு அட்டை பேட்டரி. விளையாட்டு பீரியடில் கழற்றி அதில் போட்டுவிடலாம், மணலிலும் தொலையாது. ஒரு தடவை ஆயாம்மா உதவி செய்கிறேன் என்று அட்டையிலிருந்த பேட்டரி அத்தனைக்கும் ஸ்டிக்கரை உரித்து "ரெடியா" எடுத்து வைத்துவிட்டார். ஸ்டிக்கரை உரித்துக் காற்று பட்டால் மெஷினில் போடாவிட்டாலும் அது தீர ஆரம்பித்துவிடும். திட்ட மனசு வரவில்லை. அன்றைக்கே டப்பா மேல் "உரிக்காதீங்க" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டார்கள்.

பணம் விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர், பள்ளி திறக்கிற நேரத்தில் கையில் காசு இருக்காது. வேன் காசை ஜூலையில் கட்டுகிறேன் என்றால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், எங்களுக்கென்று தனிச்சலுகை இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

இப்போது கட்டடம். ரேம்ப் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுக்க வசதியாக முன்வாசலிலேயே இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலிக்காரர் தானே ஏறலாம். இது அதில் பாதி நீளம்கூட இல்லை, மேலே வழவழ டைல்ஸ் வேறு. ஐந்தாம் வகுப்பில் நாற்காலியில் வருகிற ஒரு பையனை இரண்டு பேர் பிடித்துத் தள்ளித்தான் ஏற்றுகிறார்கள், மழை பெய்தால் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். ரேம்ப் ஏறிய பிறகு டாய்லெட்டுக்குப் போனால் அங்கே ஒரு படி, கதவில் நாற்காலி நுழையாது. அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று அவன் அம்மா சொன்னார், நம் ஊர் வெயிலில் இதை யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் லேப் மாடியில். கீழே காலியாகக் கிடக்கிற ரூமுக்கு அதை மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். கேட்டால் "மேனேஜ்மென்ட்ல பேசுறோம்" என்பார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள இன்னொரு பையன். சேர்த்துக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவன் அம்மா நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை, அந்த அக்கா நண்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 2001-ல் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த விடுதியில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்த மாவட்டம் இது. இப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்ததே பெரிய விஷயம் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள், அவர்கள் கண்டது அப்படி. எனக்கு அது போதவில்லை. சேர்த்துக்கொள்வது ஒன்று, பார்த்துக்கொள்வது வேறு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார், நல்லவர், ஆனால் அவருக்கு ஏகப்பட்ட பள்ளிகள். வருகிற அன்றைக்கும் பிள்ளைகளை விளையாட்டு பீரியடில்தான் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள், அந்தப் பையன் சந்தோஷமாக இருக்கிற ஒரே பீரியட் அதுதான்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் இந்தப் பிள்ளைகளை மேடையேற்றி, சிறப்பு விருந்தினர் கையால் சாக்லெட் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். மகள் போன வருஷம் போக மாட்டேன் என்றுவிட்டாள், நானும் அனுப்பவில்லை.

சட்டம் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், பேசும்போது உதவும். இது சிறுபான்மைப் பள்ளி, எங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று ஆபீஸில் யாராவது சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது கல்வி உரிமைச் சட்டத்தை. 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தது, ஆகவே ஏழைப் பிள்ளைகளுக்கான அந்த 25 சதவீத இடம் இங்கே கிடையாது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அப்படி விலக்கு எதுவும் இல்லை. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறுகிற எல்லாப் பள்ளிகளையும் பற்றித்தான் அதன் 16-ஆவது பிரிவு பேசுகிறது: பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, கட்டடத்தையும் வளாகத்தையும் பிள்ளை நடமாடத் தக்கதாக வைப்பது, தேவைக்கேற்ற வசதி செய்து தருவது, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வரும். பத்தாம் வகுப்பு போகும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகளைப் பள்ளி மூலமாகத்தான் கேட்க வேண்டும், அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை இப்போதே வாங்கிவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், அவர்களுடைய சபைச் சட்டமே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 777-இல், உடலாலோ மனதாலோ குறை உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்குத் தக்கபடி மறைக்கல்வி, அதாவது வேதப் பாடம், கிடைக்கப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பங்கில் இது ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகளுக்கு முதல் நற்கருணைக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் எல்லாவற்றையும் படமாக வரைந்து கொண்டுவந்தார். கோவில் மைக்கில் பாதர் பேசுவது அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, அதனால் பூசை ஜெபங்களைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள்.

என் பெரிய புகார் இனிமேல்தான். இங்கே நல்லது எல்லாமே ஆளோடு வந்தது, ஆளோடு போகும். பழைய தலைமையாசிரியை சிஸ்டர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை, மே மாதம் சபையில் அவருக்கு மாற்றல் வந்தது, ஜூனில் புது சிஸ்டர். புது சிஸ்டர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். மகளை உயர வரிசைப்படி கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். டப்பா ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொருத்தராகச் சொல்லிப் புரியவைத்து, காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று ஒரு பக்கம் எழுதி, டீச்சரும் நாமும் கையெழுத்துப் போட்டு, அதை அடுத்த வகுப்புக்குக் கைமாற்றினால் முடிந்தது. மற்றவர்கள் எழுதவில்லை என்று நானே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். வாங்கி வைத்திருக்கிறார்கள், வருகைப் பதிவேட்டுக்குள் ஒட்டி வைக்கச் சொன்னேன், செய்திருக்கிறார்கள்.

ஆக, காது, பார்வை, எழுத்துக் கூட்டுவதில் சிரமம் என்று உள்ள பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சேர்க்கலாம், நான் இன்னொரு தடவை சேர்ப்பதாக இருந்தாலும் இங்கேதான் சேர்ப்பேன். சக்கர நாற்காலி என்றால் டாய்லெட்டை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, எப்போது சரிசெய்வார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள். ஆட்டிசம் என்றால் "அம்மா கூட இருக்கணுமா" என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சேர்க்கைக்கு மே கடைசியில் போகாதீர்கள், அப்போதுதான் மாற்றல் நேரம், யார் சொன்ன வாக்கும் நிற்காது. ஜூனில் பள்ளி திறந்து முதல் வாரத்திலும் சேர்க்கிறார்கள். காலை பிரேயர் முடிந்து பத்து மணிக்கு மேல் போனால் சிஸ்டர் ரூமில் இருப்பார். அடையாள அட்டை, ஆடியோகிராம் (காது கேட்கும் அளவைப் பார்த்த ரிப்போர்ட்) எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று எப்படியும் காணாமல் போகும்.