தஞ்சைக் கலைக்கூடம்: இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூருக்கு ஜோடியாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கோவில் விமானத்தைப் பின்னால் வைத்து நாலு படம் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அரண்மனையை ஒரு எட்டு பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒரு எட்டில் தவறிப்போவது கலைக்கூடம். அரண்மனை வளாகத்துக்குள் 1951-ல் தொடங்கப்பட்ட செப்புத்திருமேனி, கற்சிலைக் காட்சியகம் அது. எண்ணிக்கையில் எழும்பூர் அருங்காட்சியகம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு என்று கேட்டால் என் ஓட்டு தஞ்சைக்குத்தான். காரணம் மூன்று சிலைத் தொகுதிகள். அவற்றுக்குப் போகும் முன் சீட்டு, நேரம் சமாச்சாரங்களை முடித்துவிடலாம்.

வளாகத்தை ஒரே இடம் என்று நினைத்துக்கொண்டு வருவதுதான் முதல் குழப்பம். கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகக் காட்சியகம், மராட்டிய தர்பார் மண்டபம், அரச குடும்பத்தாரின் அருங்காட்சியகம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தாலும் நிர்வாகங்கள் வேறு வேறு. அதனால் சீட்டும் தனித்தனி. நுழைவாயிலில் முதலில் கண்ணில் படுகிற கவுன்டரில் வாங்கிய சீட்டோடு கலைக்கூட வாசலுக்குப் போய், "இது இங்கே செல்லாது" என்று கேட்டுத் திரும்பும் ஆட்கள் தினமும் உண்டு. வாங்கும்போதே "இது எந்தெந்தப் பகுதிக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம். போனுக்கும் உண்டா என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

இரண்டாவது குழப்பம் நேரம். கலைக்கூடத்தில் மதியம் 1 மணிக்கு இடைவேளை விட்டுவிடுவார்கள். பெரிய கோவிலும் பகல் 12.30 வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். காலையில் கோவில், பிறகு அரண்மனை என்று திட்டம் போட்டால் கோவிலிலேயே 11 மணி ஆகிவிடும். அதற்குள் தரைக்கல் கொதிக்க ஆரம்பித்திருக்கும், கால் பொசுங்கும். அரண்மனைக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது ஒரு மணி நேரம். திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். காலையில் திறந்ததும் கலைக்கூடம், அடுத்து நூலகக் காட்சியகம், பகல் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, 4 மணிக்குப் பெரிய கோவில். மாலை வெயிலில் விமானத்தின் நிறம் மாறுவதும் கணக்கில் சேரும். இரண்டுக்கும் நடுவே தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். புதிய பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் டவுன் பஸ் பிடித்துப் பழைய பேருந்து நிலையம் வந்துவிட்டால் அரண்மனைக்கு நடந்தே போகலாம். புதன்கிழமை வேண்டாம், நூலகத்துக்கு அன்று விடுமுறை.

உள்ளே நுழைந்ததும் எதிர்ப்படும் சிலையிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பிக்காதீர்கள். பாதி வழியிலேயே கண் அலுத்துவிடும். பத்தாவது பார்வதிக்கும் பதினோராவது பார்வதிக்கும் வித்தியாசம் தெரியாது. "திருவெண்காட்டுச் சிலைகள் எந்த மண்டபத்தில்?" என்று வாசலிலேயே கேட்டு, கண் தெளிவாக இருக்கும்போது நேரே அங்கே போய்விடுங்கள்.

சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்து வெளிப்பட்டவை இவை. அங்கே கிடைத்த அர்த்தநாரீசுவரர் எழும்பூரில் இருக்கிறார். தஞ்சைக்கு வந்தவற்றில் தலையாயது ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். சுமார் மூன்றரை அடி உயரம். கால்களைக் குறுக்காக மாற்றி வைத்து, ஒரு கையை மடக்கிக் காற்றில் ஊன்றியபடி நிற்பார். ஊன்றியிருந்தது காளையின் மேல். காளை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த முழங்கை மடிப்பையும் விரல்கள் தளர்ந்திருக்கும் விதத்தையும் ஒரு நிமிடம் பார்த்தால், காளையின் உயரம்கூட மனதில் வந்துவிடும். தலையில் கிரீடம் இல்லை. சடையைத் தலைப்பாகைபோலச் சுருட்டிக் கட்டியிருக்கிறார், கட்டோடு பாம்பும் பின்னிக் கிடக்கிறது. முன்னால் நின்று பார்த்ததோடு விடாமல் பக்கவாட்டுக்கு வாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து தோள் எதிர்ப்பக்கம் சாயும் வளைவு அங்கிருந்துதான் தெரியும்.

பக்கத்தில் தேவி. கல்வெட்டுச் சான்றின்படி ரிஷபவாகனர் 1011-ஐச் சேர்ந்தவர், அதாவது பெரிய கோவில் பணி முடிந்த மறு ஆண்டு. தேவியின் திருமேனி 1012. ஐயா ஓராண்டு தனியாக நின்றிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு இருவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வந்து சேர்ந்தவள் என்று சொல்ல முடியாதபடி அவளுடைய நிற்பு அவருடைய நிற்புக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். தேவியின் வலக்கை விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருக்கும், அது கடக முத்திரை. கோவிலில் அந்த விரலிடுக்கில் நிஜப் பூவைச் செருகுவார்கள். தொங்கும் இடக்கைக்கு லோல கரம் என்று பெயர். இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொண்டால் மண்டபத்தில் இருக்கும் மற்ற அம்மன்கள் எல்லாரும் திடீரென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது கல்யாணசுந்தரர், அதுவும் திருவெண்காடுதான். சிவன், பார்வதி, தாரை வார்க்கும் திருமால், தோழியாக லட்சுமி. மாப்பிள்ளை பெண்ணின் வலக்கையைப் பிடித்திருக்கிறார். பெண் தலை லேசாகக் குனிந்திருக்கிறது. முழுக்கக் குனியவில்லை, கழுத்தில் விரற்கடை அளவுச் சாய்வுதான். சிலையை வார்த்த சிற்பி வெட்கத்தை அந்த ஒரு சாய்வில் கொண்டுவந்துவிட்டார். பின்னாலிருந்து லட்சுமி, "போடி" என்று மெல்லத் தள்ளுவதுபோல நிற்கிறாள். கைகள் சேரும் இடத்துக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். அழுத்திப் பிடித்த பிடி இல்லை, ஏந்திக்கொண்ட பிடி. கல்யாணமானவர்கள் இங்கே பத்து நிமிடமாவது நிற்கலாம். ஆளுக்கொரு விதமாகத்தான் அதைப் படிப்பார்கள், அதில்தான் சுவாரசியம்.

இத்தனை கூர்மை எப்படி வந்தது என்பதற்கு மெழுகுதான் பதில். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தை முழுசாகச் செய்துவிடுவார்கள். நகைகளும் மடிப்புகளும் மெழுகிலேயே வந்துவிடும். அதன்மேல் முதல் பூச்சு மிக நைசான வண்டல் மண். அது பரபரவென்று இருந்தால் அத்தனை சொரசொரப்பும் உலோகத்தில் இறங்கிவிடும். மேலே கனமான களிமண் பூச்சு, கம்பிக் கட்டு. சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும். உடைத்துவிட்டதால் அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. இந்தச் சிலைகள் உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு. பீடத்தில் தெரியும் வளையங்களும் துளைகளும் அலங்காரத்துக்கு அல்ல, உலா போகும்போது கட்டுவதற்கும் தண்டு கோப்பதற்கும். இன்னொரு விஷயம். நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் கண்ட சிலைகளில் மூக்கும் கண்ணும் தேய்ந்து மழுங்கியிருக்கும். திருவெண்காட்டுக்காரர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள், அதனால் முகம் தப்பித்தது.

சோழர் காலமா, பிற்காலமா என்று ஊகித்துவிட்டு அப்புறம் பலகையைப் படிப்பது இரண்டு பேருக்கான நல்ல விளையாட்டு. முகம் உருண்டு, ஆடை உடம்போடு ஒட்டி, நகைகளுக்கு நடுவே வெறும் உடம்பும் தெரிந்தால் சோழர் காலம் என்று சொல்லலாம். மூக்கு கிளிமூக்காகக் கூர்ந்து, முகம் நீண்டு, நகை அடைத்துக்கொண்டு, உடம்பு கழி போல விறைத்திருந்தால் பிற்காலம். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லிவிட்டால் கெட்டிக்காரர். பலகைகளில் பெரும்பாலும் பெயர், ஊர், நூற்றாண்டு இவ்வளவுதான் கிடைக்கும், கதையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஒருவர் முதல் நாள் இரவே திருவெண்காட்டுத் தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வருவது, மற்றவர் ஒன்றும் படிக்காமல் வருவது என்று பிரித்துக்கொண்டால் நல்லது. படிக்காத கண்ணுக்குத்தான் முதலில் ஏதாவது படும்.

கண்ணாடிக்குள் இருக்கும் சிலைகளைப் படமெடுப்பது தொல்லை. எதிர்ச் சன்னல் அப்படியே கண்ணாடியில் விழும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும், சிலைக்கும் நல்லதில்லை. ஒருவர் போன் லென்ஸைக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல வைத்துக்கொள்ள, மற்றவர் பின்னால் நின்று கறுப்புத் துப்பட்டாவையோ அடர்ந்த நிறத் துண்டையோ விரித்து வெளிச்சத்தை மறைத்தால் படம் தெளிவாக விழும். தனியாகப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

மூன்றாவது தொகுதி செம்பு இல்லை, கல். தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த பெருமான், 12-ஆம் நூற்றாண்டு. யானைத் தோல் பின்னால் விரிந்து கிடக்க, உடம்பை முறுக்கிக்கொண்டு ஆடுகிறார். எல்லாரும் அவரையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் ஓரத்தில் பாருங்கள். பார்வதி, இடுப்பில் குழந்தை முருகன். பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று அவனை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறாள். ஓடவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. கல்யாணசுந்தரரில் தலை குனிந்து நின்ற அதே பெண்தான் இவள் என்று நினைத்துப் பார்த்தால் இரண்டு சிலைகளும் ஒரே குடும்பக் கதையாகிவிடும். அதனால்தான் செம்பை முதலிலும் இதைக் கடைசியிலும் பார்க்கச் சொல்கிறேன். தாராசுரத்திலிருந்தே வந்த இன்னொரு தொகுதியில் பிச்சைக்கு வரும் கோலத்துச் சிவனான பிட்சாடனரும் அவரைப் பார்த்து நிலைகுலையும் ரிஷிபத்தினிகளும் இருக்கிறார்கள். ரிஷிகளுக்கு அன்று வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது உங்கள் கற்பனைக்கு.

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் சலவைக்கல் சிலையையும் பார்த்துவிடுங்கள். செதுக்கியவர் இங்கிலாந்தின் ஜான் ஃபிளாக்ஸ்மன். 1955-ல் தரங்கம்பாடியில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் வளாகத்தில் உண்டு. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நூலகக் காட்சியகம் சின்னது, முக்கால் மணி நேரத்தில் முடியும். நூலகத்தின் சுவடிக் கட்டுகள் ஆய்வாளர்களுக்கு; நமக்கு முன்னறையில் வைத்திருப்பவைதான். ஓலைச்சுவடிகளைவிட இளம் ஜோடிகளை நிறுத்தி வைப்பது பிரெஞ்சு ஓவியர் லெ பிரன் வரைந்த முகப் படங்கள். மனித முகமும் விலங்கு முகமும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று வரிசையாக வரைந்திருப்பார். எது யாருடைய முகம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

மராட்டிய தர்பார் மண்டபம் 1684-ல் ஷாஜி மன்னர் காலத்தது. தூண்களும் விதானமும் வண்ணமயம். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும், சிலை பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சற்றுத் திகட்டும். நேரம் குறைவென்றால் முதலில் வெட்ட வேண்டியது அரச குடும்ப அருங்காட்சியகத்தை. அரண்மனைக் கோபுரத்தின் படிகள் திறந்திருந்தால் வெயில் ஏறும் முன் ஏறிவிடுங்கள். படிகள் குறுகலானவை, புடவை கட்டியவர் முன்னால் ஏறட்டும்.

மண்டபங்களுக்கு இடையே திறந்த முற்றத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் சித்திரை, வைகாசியில் தொப்பியும் தண்ணீரும் அவசியம். பெரிய பையை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் கைவசம் இருந்தால் கும்பகோணம் பக்கம் போய், யானை உரித்தவர் முதலில் இருந்த தாராசுரம் கோவிலைக் காலையிலும், சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றைப் பகலிலும் பார்க்கலாம். மெழுகு உருவம் கையில் திரண்டு வருவதை அங்கே கிட்டே நின்று பார்க்க விடுவார்கள். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது, என்றைக்கு என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.