வளவுக்குள் ஓர் இலத்தீன் வகுப்பு

காரைக்குடியில் பழைய வீடொன்றின் வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தில், ஞாயிறுதோறும் நடக்கும் இலத்தீன் தொடக்க வகுப்பை எட்டு வாரம் படித்து முடித்திருக்கிறேன். கட்டணம் 1,200 ரூபாய். கையேடும் அதில் அடக்கம். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத்தமிழுக்கு, இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவரும் தமிழாசிரியன் நான். அதில் ஒரு பக்கத்தையாவது மூலமொழியில் படித்துவிட வேண்டும் என்ற நெடுநாள் ஆசையே என்னை அங்கே சேர்த்தது. இடத்தையும் பெயர்ச்சியையும் சொல்லும் முறைக்கு ஒதுக்கிய இரண்டு வாரங்கள்தான் இந்த வகுப்பின் உயிர் என்பேன்.

முதல் நாள் ஆசிரியர் கையேட்டைத் திறக்கவே விடவில்லை. ஒரு மாணவரை முகப்பில் நிறுத்தி, நிலைப்படியைத் தாண்டி வளவுக்குள் வரச் சொன்னார். வந்தவரை அங்கேயே தூண்களைச் சுற்றி நடக்கச் சொன்னார். இலத்தீனில் பெயருக்கு முன்னே நிற்கும் 'இன்' என்னும் முன்னிடைச்சொல் இரண்டுக்கும் பொது. எல்லையைக் கடந்து உள்ளே வரும்போது அதன்பின் வரும் பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்று 'இன் உர்பெம்', அதாவது நகருக்குள், என்றாகிறது. உள்ளேயே இருந்தாலும், உள்ளுக்குள்ளேயே எவ்வளவு நடந்தாலும், நம் ஐந்தாம் வேற்றுமை போன்ற நீங்கல் வேற்றுமை ஏற்று 'இன் உர்பெ', நகரில், என்று நிற்கிறது. கால் அசைவதை வைத்து வேற்றுமை மாறுவதில்லை, இடம் மாறுவதை வைத்தே மாறுகிறது என்பது அந்தத் தூண்களைச் சுற்றி வந்தபோது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இரண்டாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் 'அடைதல்' ஒன்று என்பதை நினைத்துக்கொண்டேன். 'ஊரை அடைந்தான்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர்களுக்கு முன்னிடைச்சொல்லே வேண்டாம் என்ற விதி அடுத்த வாரம் வந்தது. ரோமில் என்றால் 'ரோமை', ரோமுக்கு என்றால் 'ரோமம்', ரோமிலிருந்து என்றால் 'ரோமா'. வீட்டைக் குறிக்கும் சொல்லும் அப்படியே 'தொமீ', 'தொமும்', 'தொமோ' என்று வருகிறது. 'அத் ரோமம்' என்று முன்னிடைச்சொல் சேர்த்தால் ரோமின் அருகே வரை என்று பொருள் மாறிவிடும். காரைக்குடிக்குப் போனார் என்பதற்கும் காரைக்குடிப் பக்கம் போனார் என்பதற்கும் நாம் காணும் வேறுபாடு அது. வகுப்பில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர், "எங்கள் அப்பச்சி கொண்டுவிற்க (வணிகம் செய்ய) ரங்கூனுக்குப் போனார்கள், இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். "ரங்கூன் ஊர் அல்லவா ஆச்சி, அதற்கு வெறும் இரண்டாம் வேற்றுமை போதும். பர்மாவுக்கு என்று சொன்னால் நாடாகிவிடும், 'இன்' சேர்த்தே ஆகவேண்டும்" என்றார் ஆசிரியர். ஆச்சி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தேவகோட்டை, மோல்மீன், மலேயா என்று தமக்குத் தெரிந்த இடங்களையெல்லாம் ஊர், நாடு என்று இரண்டு வரிசையாகப் பிரித்துக் காட்டினார். அந்த விதிக்கு அதைவிட நல்ல பயிற்சி கையேட்டில் இல்லை.

கையேட்டில்தான் எனக்கு மனக்குறை. இலத்தீன் பகுதி முழுவதும் உயிரெழுத்தின் மேல் இடும் நெடில் கோடு இல்லாத ரோமன் எழுத்தில் அச்சாகியிருப்பதால், எழுவாயான 'ரோம' எது, 'ரோமிலிருந்து' என்று பொருள்படும் 'ரோமா' எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குறில் நெடில் பிழைத்தால் பொருளே பிழைக்கும் என்று பிள்ளைப்பருவத்திலேயே கற்ற நமக்கு, அந்த ஒரு கோட்டை விட்டுவிட்டு இந்தப் பாடத்தைத் தருவது பெரிய குறை. தீவுகளைப் பற்றிய விதியையும் அரைகுறையாக அச்சிட்டிருக்கிறார்கள். முழு விதி இதுதான்: ரோட்ஸ் போன்ற சிறு தீவுகளே ஊர்ப்பெயரைப் போல நடக்கும், சிசிலி போன்ற பெரிய தீவுக்கு முன்னிடைச்சொல் வேண்டும். 'அதேனீஸ்' என்பது ஏதென்ஸில், ஏதென்ஸிலிருந்து என்ற இரண்டு பொருளும் தரும், வினைச்சொல்லைப் பார்த்தே தெளிய வேண்டும் என்பதை ஆசிரியர் வாயால் சொன்னார். அது கையேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை.

எனினும் ஆசிரியருக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். சேர்பவர்கள் ஒரு பென்சிலோடு செல்லுங்கள். அவர் ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்கும்போதே நெடிலின் மேல் கோடு இட்டுக்கொள்ளுங்கள். என் பிரதியில் பதினோராம் பக்கத்திலிருந்து அப்படித்தான் இட்டு வந்திருக்கிறேன்.